லாபம், ரெண்டு, மூணு

லாபம்

இந்தக் குறிப்பேடு வீணான தாள்களால் ஆனது. டோனர் தீர்ந்து பாதி வெளுத்தவை, கோணலாக இழுபட்டவை, ஓரம் மடங்கி விழுந்தவை. முன்பக்கம் யாருடைய பாடமோ; பின்பக்கம் வெள்ளை. ஒரு கட்டு சேர்ந்ததும் ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி ஸ்பைரல் போட்டுக் கையில் கொடுத்தார். "எழுதிப் பழகு தம்பி. தாளுக்குக் காசு கிடையாது."

பாளையங்கோட்டையில் கல்லூரிச் சாலையிலிருந்து பிரியும் தெருவில் கடை. காலை ஷிப்டில் பி.எஸ்ஸி. கணிதம். மூன்று மணிக்குக் கடைக்கு வந்தால், ஒன்பதே காலுக்கு ஷட்டர் இறங்கும் வரை ஜெராக்ஸ், பிரின்ட், லேமினேஷன், பைண்டிங். பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொள்ள நேரம் எங்கே இருக்கிறது என்று முதல் பக்கத்தில் கட்டம் போட்டுத் தேடினேன். இரவு பத்திலிருந்து பதினொன்று வரை ஒரு கட்டம் காலியாக இருந்தது. "பைத்தான்" என்று எழுதினேன். அநேக நாள் அந்தக் கட்டத்தில் தூக்கம்தான் வந்து உட்கார்ந்தது.

ரெண்டு

அண்ணாச்சி புத்தகம் அடுக்குவதைப் பார்த்துத்தான் என் முதல் உருப்படியான நிரல் தோன்றியது. ஏ4 தாளை நடுவில் மடித்துப் பின் அடிக்கும் சின்னப் புத்தகம். 16 பக்கம் என்றால் நான்கு தாள். முதல் தாளின் ஒரு புறம் 16, 1. மறுபுறம் 2, 15. அடுத்த தாளில் 14, 3. பிறகு 4, 13. இப்படியே நடுத்தாளில் 8, 9 என்று வந்து முடியும்.

"எந்தப் பக்கம் கூட்டினாலும் பதினேழு வரணும்லா. வரலன்னா தாளு திரும்பிட்டுன்னு அர்த்தம்."

அண்ணாச்சி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். சுழற்சியில் மற்றதெல்லாம் மாறும்போதும் மாறாமல் நிற்பது எது என்று முதலில் கண்டுபிடி என்று நிரல் பாடத்தில் சொன்னார்கள். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. அவர் எச்சில் தொட்டுத் தாளைத் தள்ளிப் பதினேழு, பதினேழு என்று முணுமுணுக்கையில் புரிந்தது.

மூணு

பக்கங்களை வரிசைப்படுத்தும் நிரல் ஓடியது. நான்கு தாளுக்குப் பதில் மூன்றுதான் வந்தது. அட்டையைக் காணோம். கூட்டிப் பார்த்தேன், எல்லாம் பதினேழு. ஒரு மணி நேரம் தேடிய பிறகு தெரிந்தது: சூத்திரம் 0-வை முதல் தாளாக நினைத்து எழுதப்பட்டிருந்தது, நான் எண்ணிக்கையை 1-இல் தொடங்கியிருந்தேன்.

எண்ணிக்கை ஏன் 0-வில் தொடங்க வேண்டும் என்று விளக்கி நெதர்லாந்துக்காரர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் கைப்பட ஒரு சிறு குறிப்பு எழுதியிருக்கிறார். 0-வில் தொடங்கி 4-க்கு முன்னால் நின்றால், உள்ளே இருப்பது சரியாக நான்கு. நிறுத்தும் எண்ணே மொத்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறது. படித்தபோது தலையாட்டினேன்; மனசு ஏற்கவில்லை. உலகத்தில் யார் ஒன்றை விட்டுவிட்டு எண்ணுவார்கள்?

மறுநாள் தாள் கட்டுகள் வந்து இறங்கின. அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினார். "லாபம், ரெண்டு, மூணு..." அவருடைய அப்பா நெல் வியாபாரி. மரக்காலால் அளக்கிறவர்கள் முதல் அளவை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். இத்தனை நாளும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

நாலு

"அண்ணா, ஆதாரு முன்னும் பின்னும் ஒரே பக்கத்துல."

"இந்த ரெக்கார்டு நோட்டு முழுசும் எடுக்கணும், அஞ்சு நிமிஷத்துல பஸ்."

கடைக் கணினியில் இரண்டு ஆள்களுக்கு நடுவே கிடைப்பது சில நிமிடங்கள். முதலில் அதற்காக எரிச்சல்பட்டேன். பாதியில் எழுந்து போய்த் திரும்பி வந்தால், அந்த மாறியில் என்ன வைத்தேன் என்பதே மறந்திருக்கும். பெரிய நிரலைத் தலைக்குள் தூக்கிவைத்துக்கொள்ள இந்த வேலையில் இடமில்லை.

அதனால் ஹாஷ் குறி போட்டு எனக்கே எழுதி வைக்கத் தொடங்கினேன். "அடுத்து: பின்புறத்துக்கு இடமும் வலமும் மாற்று." திரும்பி வருகிறவன் அதைப் படித்துத் தொடர்வான். நிரலும் தானாகச் சின்னத் துண்டுகளாக உடைந்தது. ஒரு துண்டு ஒரு வேலை. ஒரு லேமினேஷன் ஆறும் நேரத்தில் எழுதி முடிக்கக்கூடியது. நல்ல நிரலை அப்படித்தான் பிரித்து எழுத வேண்டும் என்று பிறகு பாடத்தில் வந்தது. எனக்கு வேறு வழி இல்லாமல் வந்த பழக்கம் அது.

அஞ்சு

மழை. கடையில் யாரும் இல்லை. "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானிடம் கேட்டேன். 5 என்றது.

"மூணு எழுத்துதானல?" என்றார் அண்ணாச்சி, திரையை எட்டிப் பார்த்து.

கணினி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாக எண்ணுகிறது. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடங்கள் 128. அவற்றிலும் பல காலி. 247 எழுத்தும் அதற்குள் அடங்குவது, குறிகளுக்குத் தனி இடம் கொடுத்ததால். சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னேன். புள்ளி பிடிமானமில்லாமல் முன்னால் தொங்கியது. 'மி'யில் இருந்த குறி 'ழ'வின் மேல் ஏறிக்கொண்டது. எழுத்தை எழுத்தாகவே எண்ணித்தர 'ஓப்பன்-தமிழ்' என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. அதை நிறுவியதும் மூன்று வந்தது.

கணினி தப்பாக எண்ணவில்லை. எதை ஒன்று என்று கொள்வது என்பதில் எங்கள் இருவருக்கும் வித்தியாசம். என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டால் படிப்பு, வேலை, கோடிங் என்று மூன்றாகச் சொல்கிறேன். பஸ்ஸில் நிற்கும் முக்கால் மணி நேரமும் தூக்கமும் தனியாக நிற்க முடியாத குறிகள். ஆனால் அவையும் இடம் பிடிக்கின்றன.

ஆறு

ஏப்ரல். பரீட்சைக் காலத்தில்தான் ஜெராக்ஸ் கடைக்கு அறுவடை. நான் படிக்க வேண்டிய நேரத்தில் ஊரே படிப்பதற்கு நகல் எடுத்துக் கொடுக்கிறேன். முக்கிய வினாக்கள் சூடாக வெளியே வரும். எடுத்து அடுக்கும்போது மேல் வரி மட்டும் கண்ணில் படும்.

என்பிடெல் இணையதளத்தில் சேர்ந்த பைத்தான் பாடம் எட்டு வாரம். மூன்றாம் வாரத்தோடு விட்டுப்போனது. ரியல் அனாலிசிஸில் அரியர். நேரமில்லாததால் மட்டும் வந்தது என்று சொல்லமாட்டேன். பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பக்க எண் நிரலைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். ஓடுகிற நிரல் உடனே பதில் சொல்லிவிடும். நிரூபணம் சொல்லாது. பதில் உடனே வரும் இடத்துக்கே கை போயிற்று. வீட்டில் அரியர் என்று மட்டும் சொன்னேன். அம்மா பீஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்டாள்.

ஏழு

அம்மன் கோவில் கொடைக்கு வரவு செலவுப் புத்தகம். 14 பக்கம். "ஓம் மிஷினையே கேட்டுப் பாரு" என்று அண்ணாச்சி ஒதுங்கிக்கொண்டார். நிரல் மூன்று தாளுக்கான வரிசையைத் தந்தது. எல்லாப் புறமும் கூட்டினால் 15. நிம்மதியாக அச்செடுத்து மடித்துக் கொடுத்தேன்.

அவர் புரட்டினார். நடுவில் நின்றார். ஆறாம் பக்கத்துக்கு அடுத்து ஒன்பதாம் பக்கம். கூட்டல் சரி, ஏழும் எட்டும் இல்லை.

"பதினாலு நாலுல அடங்காது தம்பி. ரெண்டு வெள்ளை விட்டுப் பதினாறாக்கு."

"வெள்ளைப் பக்கம் போனா வேஸ்ட் இல்லையா அண்ணாச்சி?"

"வெள்ளையும் கணக்குலதான் வரும். அத விட்டா நடுவுல தின்னுரும்லா."

நான்கால் வகுபடும் வரை வெற்றுப் பக்கம் சேர்க்கும்படி இரண்டு வரி எழுதினேன். அதற்குள் மூன்று பேர் வந்துபோனார்கள். புதிய வரிசை வந்ததும் அண்ணாச்சி ஒவ்வொரு புறத்தையும் கையால் கூட்டிப் பார்த்துவிட்டே பின் அடித்தார். கடைசி இரண்டு பக்கமும் வெள்ளை. வாங்க வந்த கமிட்டிக்காரர் அங்கேயே நின்று அதில் யார் யார் வரி பாக்கி என்று எழுத ஆரம்பித்தார்.

ராத்திரி பத்து மணி. குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். பத்திலிருந்து பதினொன்று வரையிருந்த கட்டத்தில் "பைத்தான்" என்றிருந்ததை அடித்துவிட்டுத் "தூக்கம்" என்று எழுதினேன். பிறகு நிரலைத் திறந்து கடைசியில் ஒரு ஹாஷ் குறி போட்டேன்.

அடுத்து: 4-ஐ விடச் சின்னப் புத்தகம் வந்தால் என்ன ஆகும், பார்.