பூட்டலும் காத்தலும்

ஒரு பொருளைப் பழுதின்றிப் பூட்டி வைத்தால், அதனைக் காக்கும் கடன் நிறைவேறியதாகுமா? இவ்வினாவை ஆராய, அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் நெகிழ்வட்டுகள் தக்க சான்றாகும்.

1985-ஆம் ஆண்டில் வார்ஹோல், அப்பொழுது புதிதாக வெளிவந்த அமிகா கணினியில் சில ஓவியங்களைத் தீட்டினார். 1987-இல் அவர் மறைந்தார். அவ்வட்டுகள் பிட்ஸ்பர்க் நகரில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அங்கு அவை பத்திரமாகவே இருந்தன. ஆயினும், அவற்றுள் இருந்த ஓவியங்களைக் காண இயலவில்லை. அமிகா எழுதும் முறை வேறு. பிற கணினிகள் படிக்கும் முறை வேறு.

பின்னர், கார்னகி மெல்லன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தினர் அவற்றைப் படிக்க முற்பட்டனர். வட்டிற்கு ஊறு நேராவண்ணம் அதன் காந்தப் பதிவை உள்ளவாறே படியெடுத்தனர். கிடைத்த கோப்புகளின் அமைப்பும் அவர்கள் அறியாதது. அதனையும் ஆராய்ந்து தெளிந்தனர். 2014-இல் அவ்வோவியங்கள் உலகின் பார்வைக்கு வந்தன.

வட்டுகளை எறியாது வைத்திருந்தமையாலன்றோ மீட்க முடிந்தது என்பர் சிலர். அது மெய்யே. வைத்திருத்தல் முதற்படி, ஆயின், அதுவே முடிவன்று. காந்தப் பதிவு காலத்தால் மங்கும். படிக்கும் பொறி பழுதுறும். அதனை இயக்க அறிந்தவரும் மறைவர். ஆகவே, பொருளோடு அதனைப் படிக்கும் வழியையும் பின்னோர்க்கு ஒப்படைப்பதே காத்தலாகும். நூலைக் கையில் கொடுத்துவிட்டுப் படிக்கக் கற்பியாத ஆசிரியர், கடமையில் பாதியைத்தான் செய்தவராவார்.