மூழ்காத நீர்மூழ்கி

1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹெய்ம் நகரில் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட், உள்ளே வருபவர் ஏமாறுவதற்கென்றே கட்டப்பட்ட இடம். நுழைந்ததும் வரும் கடைத்தெருவில் மேல்மாடிகள் கீழ்த்தளத்தைவிடச் சிறிய அளவில் கட்டப்பட்டிருக்கின்றன. அதனால் கட்டடங்கள் இருப்பதைவிட உயரமாகத் தெரியும். தெருக்கோடியில் நிற்கும் கோட்டையின் உயரம் 77 அடிதான். மேலே போகப் போகக் கற்களின் அளவைக் குறைத்து அதையும் ஓங்கி நிற்கச் செய்திருக்கிறார்கள். இப்பூங்காவையும் இதன் வழிவந்த பூங்காக்களையும் பற்றி வந்துபோனவர்கள் கொண்ட தப்பெண்ணங்கள் பல, உண்மை தெரிந்தபின் வெளியே சொல்லக் கூசுபவை. ஒன்று வேறொன்றாகத் தோன்றும்போது பிழை எங்கே நேர்கிறது, கண்ணிலா, நினைவிலா, பொருளிலா என்பதைப் பற்றி இந்தியத் தத்துவ மரபுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாதிட்டன. சிப்பியில் தோன்றும் வெள்ளியும் கயிற்றில் தோன்றும் பாம்புமே அவ்வாதங்களில் திரும்பத் திரும்ப உதாரணமாக வரும். அந்தச் சிப்பியைக் கடல் ஒதுக்கிப் போட்டது. டிஸ்னிலேண்டின் சிப்பியைச் சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் செய்தார்கள். மற்றபடி கேள்வி ஒன்றுதான்.

1959இல் அங்கே நீர்மூழ்கிக் கப்பல் சவாரி தொடங்கியது. எட்டுக் கப்பல்கள், அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளின் பெயர்களே அப்போது அவற்றுக்கும் இருந்தன. மூழ்கும்படி ஆணை ஒலிக்கும். கண்ணாடிச் சாளரத்துக்கு வெளியே குமிழிகள் குபுகுபுவென்று மேலே ஏறும். பிறகு மீன்களும் பவளப்பாறைகளும் கண்ணில் படும். கப்பல் கடலடிக்கு இறங்கிவிட்டது என்று நம்பி வீடு திரும்பியவர்கள் உண்டு. உண்மையில் கப்பல் ஓர் அங்குலம்கூட இறங்குவதில்லை. அதன் மேல்தளம் சவாரி முழுவதும் நீருக்கு மேலேதான் இருக்கும். பயணிகளின் இருக்கைகளும் சாளரங்களும் ஏறி அமர்ந்த நொடியிலிருந்தே நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன, அவ்வளவே.

இதற்கு மூத்தது, பூங்கா திறந்த நாளிலிருந்தே ஓடும் காட்டாற்றுப் படகுச் சவாரி. படகோட்டி சுக்கானைத் திருப்புவார், படகும் திரும்பும். திருப்புவது அவரல்ல, நீருக்கடியில் உள்ள வழித்தடம். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டுமே அவர் கையில். ஆறு ஆழமில்லாதது என்பதும் அடியில் தடம் இருப்பதும் தெரியாமலிருக்க நீரில் சாயம் கலக்கப்படுகிறது. கரையிலுள்ள யானைகளும் முதலைகளும் இயந்திரங்கள். வால்ட் டிஸ்னி முதலில் உயிருள்ள விலங்குகளைத்தான் விரும்பினார். பகல் வேளையில் அவை தூங்கிவிடும் அல்லது ஒளிந்துகொள்ளும், பார்க்க வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எடுத்துச் சொல்லப்பட்ட பிறகே இயந்திரங்களுக்கு மாறினார்.

நீர்மூழ்கிப் பயணியிடம் நேர்ந்த பிழையை மீமாம்சகரான பிரபாகரர் விளக்கும் விதம் அந்தப் பயணிக்கு மிகச் சாதகமானது. பிரபாகரர் கருத்தில் பொய்யறிவு என்று ஒன்றில்லை. சிப்பியைப் பார்ப்பவனிடம் இரண்டு அறிவுகள் உள்ளன: எதிரே பளபளக்கும் ஏதோ ஒன்றைப் பற்றிய காட்சி, முன்பு எங்கோ பார்த்த வெள்ளியைப் பற்றிய நினைவு. இரண்டும் உண்மை. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அவன் கவனிக்கவில்லை. குறை அது ஒன்றே. நீர்மூழ்கிப் பயணியும் குமிழியைக் கண்டது உண்மை, ஆணையைக் கேட்டது உண்மை, திரைப்படத்தில் கப்பல் மூழ்கியதை நினைத்துக்கொண்டதும் உண்மை. நியாய மரபினரான நையாயிகர்கள் இதை ஏற்கவில்லை. வெறும் கவனக்குறைவு என்றால் சிப்பியைப் பொறுக்க ஒருவன் குனிவானா? எதிரே இருப்பதையே வெள்ளியாக அவன் அறிந்ததால்தான் குனிகிறான். வேறிடத்து வெள்ளி இங்கே ஏற்றப்பட்டிருக்கிறது. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்று கேட்கும் பயணியும் கவனிக்கத் தவறியவர் அல்லர், ஆழத்தை உறுதியாக நம்பியவர். இவ்வளவில் நியாயத்தின் கை ஓங்கியிருக்கிறது.

ஆனால் இந்தக் கப்பலுக்கு எல்லாரையும்விட நன்றாகப் பொருந்துபவர் இராமானுசர். உலகப் பொருள்கள் யாவும் பூதங்களின் கலப்பால் ஆனவை, ஆகவே சிப்பியிலும் வெள்ளியின் கூறு சிறிதளவு உண்டு என்பது ஸ்ரீபாஷ்யத்தில் அவர் கொள்ளும் நிலை. வெள்ளியைக் கண்டது பொய்யன்று. சிப்பியின் கூறு மிகுந்திருப்பதால் அது வெள்ளியாகப் பயன்படாது என்பதே விஷயம். வேதியியல் தெரிந்தவர் இன்று இதைக் கேட்டால் புன்னகைக்கக்கூடும். நீர்மூழ்கியில் அமர்ந்திருப்பவரோ நிஜமாகவே நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறார்! கண்ணாடிக்கு வெளியே உள்ளதும் நிஜமான நீர். அவருடைய நம்பிக்கையில் பெரும்பங்கு உண்மை. இறங்கினோம் என்ற ஒரு கூறு மட்டுமே பிழை. நல்ல ஏமாற்றுகள் எல்லாம் உண்மையை அடித்தளமாகக் கொண்டே எழுப்பப்படுகின்றன என்பதை இராமானுசரின் கொள்கை மற்றவற்றைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கிறது.

எந்தத் தரப்பையும் திணறவைக்கும் உதாரணம் பேய் மாளிகை. டிஸ்னிலேண்டில் 1969 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அம்மாளிகையில் வருபவர்கள் முதலில் எண்கோண அறை ஒன்றில் நிறுத்தப்படுகிறார்கள். கதவு மூடியதும் சுவர்களும் அவற்றிலுள்ள ஓவியங்களும் மெல்ல மெல்ல நீள்கின்றன. கலிஃபோர்னியாவில் அந்த அறை உண்மையில் ஒரு லிஃப்ட். சவாரியின் பெரும்பகுதி பூங்காவைச் சுற்றி ஓடும் ரயில்பாதைக்கு அப்பால் இருப்பதால், பாதைக்கு அடியே கடந்து போக ஆட்களைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. 1971இல் ஃப்ளோரிடாவில் கட்டிய மாளிகையில் அந்தத் தேவை இல்லை. அங்கே தரை அசையாமல் நிற்க, மேற்கூரை உயர்கிறது. ஃப்ளோரிடாவில் கீழே இறங்கியதாகச் சொல்பவர் தவறு. கலிஃபோர்னியாவில், இதெல்லாம் கூரையை உயர்த்தும் வித்தை, நாம் இருந்த இடத்திலேயே இருக்கிறோம் என்று விவரம் தெரிந்தவராகப் பக்கத்திலிருப்பவருக்கு விளக்குபவரும் தவறு. இரண்டாமவருக்கு நேரும் கூச்சம் சற்றுக் கூடுதல்தான்.

இரண்டு அறைகளிலும் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய ஒன்றே. அப்படியானால் ஓர் அறிவு மெய்யா பொய்யா என்பதை அந்த அறிவுக்குள்ளிருந்தே கண்டுகொள்ள முடியாது என்று நையாயிகர் சொல்வார்: மெய்ம்மை வெளியிலிருந்து, செயல் கைகூடுவது போன்ற சான்றுகளால் நிறுவப்பட வேண்டும். ஏழாம் நூற்றாண்டு மீமாம்சகரான குமாரிலர் இதை மறுத்தார். ஒவ்வோர் அறிவுக்கும் சான்று வேண்டுமெனில் அந்தச் சான்றைப் பற்றிய அறிவுக்கும் சான்று வேண்டும். எங்கே போய் நிற்பது? எனவே அறிவு தன்னளவிலேயே மெய்யென ஏற்கத்தக்கது. அதைத் தகர்க்கும் மற்றோர் அறிவு வரும்வரை, அல்லது கருவியில் குறை தெரியும்வரை, அது நிற்கும். ஐயத்துக்குக் காரணம் இருந்தால் மேலும் சோதிக்கலாம், மூன்று நான்கு படிகளுக்கு மேல் அது நீளத் தேவையில்லை. காரணமே இல்லாமல் ஐயுற்றுக்கொண்டிருப்பவன் எந்தக் காரியத்திலும் உருப்பட மாட்டான் என்பதும் அவர் தரப்பின் எச்சரிக்கை. இந்தக் கணக்கில் படகோட்டியையும் நீர்மூழ்கியையும் நம்பியவர்கள் செய்தது சரியே. சுக்கான் திரும்பினால் படகு திரும்பும் என்பதுதான் உலகம் முழுக்கக் காணும் வழக்கம்.

எதிர்த்திசைப் பிழை, அதாவது நிஜத்தைப் பொம்மை என்று நினைப்பது, இதைவிடச் சிக்கலானது. 1967இல் திறந்த கடற்கொள்ளையர் சவாரிக்கு அக்காலச் செயற்கை எலும்புக்கூடுகள் நம்பும்படி அமையாததால், மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து உண்மையான மனித எலும்புக்கூடுகள் வாங்கப்பட்டன என்றும், பிற்பாடு அவை மாற்றப்பட்டன என்றும் பூங்காவின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகிறார்கள். அவற்றைக் கடந்து படகில் போனவர்கள் நல்ல கைவேலை என்று வியந்திருப்பார்கள். ஃப்ளோரிடாவில் 1998 ஏப்ரல் 22 அன்று உயிருள்ள விலங்குகளோடு அனிமல் கிங்டம் பூங்கா திறந்தபோது நடந்ததைச் சமூகவியலாளர் ஷெர்ரி டர்க்கிள் 2011இல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்: விலங்குகள் தத்ரூபமாக இல்லை என்று முதலில் வந்தவர்கள் குறைப்பட்டார்களாம். டிஸ்னியின் மற்ற பூங்காக்களில் இயந்திர முதலை வாலை அடித்துக் கண்ணை உருட்டும்; இங்கே உயிருள்ள முதலை பேசாமல் கிடந்தது. இந்த ஆபத்தை இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ 1975லேயே எழுதிவிட்டார்: உயிரியல் பூங்காவின் முதலை தூங்கும், டிஸ்னிலேண்டின் முதலை ஏமாற்றாது, ஆகவே மனிதக் கற்பனைக்கு இரண்டாவதே அதிகம் பிடிக்கும்.

அனிமல் கிங்டத்தில் குறைப்பட்டவர்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். அதே பூங்காவின் நடுவில் 145 அடி உயரத்தில் நிற்கும் பெரிய மரம், எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்குப் பயன்படும் சட்டகத்தின் மேல் எழுப்பப்பட்ட செயற்கை மரம். மரம் பொய்யாக இருக்கும் இடத்தில் அதன் அருகே மேயும் மானைச் சந்தேகிப்பதற்குக் காரணம் இல்லை என்று சொல்ல முடியாது. குமாரிலர் கேட்ட காரணம் இங்கே கட்டியே வைக்கப்பட்டிருக்கிறது.

மணிமேகலையில் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை, அறிவைத் தரும் வழிகளான அளவைகளைப் போல் தோன்றி அளவைகள் ஆகாத குற்றங்கள் எட்டை அடுக்குகிறது. சிப்பியை வெள்ளி எனக் கொள்வது திரியக் கோடல். கட்டையோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். ஆராயாமல் கட்டையை மனிதன் என்றே முடிவுகட்டுவது தேராது தெளிதல். இவற்றோடு கண்டு உணராமை என்று ஒன்றையும் நூலாசிரியர் சாத்தனார் சேர்க்கிறார்: கொடும்புலி எதிரே வருவதைப் பார்த்தும் அதை அறியாதிருத்தல். திரிபைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாதிட்ட பலர் இதைத் தனிக் குற்றமாக எண்ணவில்லை. உயிருள்ள விலங்கை எதிரே வைத்துக்கொண்டு அது போதிய அளவு விலங்காக இல்லை என்று புகார் சொன்னவர்களுக்கு எட்டில் எது பொருந்தும் என்று கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும்.

முதற்பிழையின் சூடு பட்டவரே இரண்டாம் பிழையில் விழுகிறார் என்பதற்குப் பாரதத்தின் சபா பருவத்தில் துரியோதனன் இருக்கிறான். மயன் கட்டிய மண்டபத்தில் பளிங்குத் தரையை நீரென்று எண்ணி ஆடையைத் தூக்கிக்கொண்டான். அதனால் விழிப்படைந்து, அடுத்து வந்த நீரைத் தரையென்று நம்பி உள்ளே விழுந்தான், பீமன் சிரித்தான். மூடிய கதவில் முட்டிக்கொண்ட பின், திறந்தே கிடந்த இன்னொரு வாயிலை மூடியது என எண்ணித் திரும்பிப் போனான். அவன் கண்ணில் பழுதில்லை. ஒவ்வொரு பிழையிலிருந்தும் அவன் கற்ற பாடம்தான் அடுத்த பிழையைச் செய்தது.

பார்த்துப் பிழைபடுவது ஒரு வகை. கேட்டுப் பிழைபடுவது வேறு. வால்ட் டிஸ்னியின் உடல் உறைநிலையில், கடற்கொள்ளையர் சவாரிக்கு அடியில் வைக்கப்பட்டிருக்கிறது என்ற பேச்சு நெடுங்காலமாக உலவுகிறது. அவர் 1966 டிசம்பர் 15 அன்று இறந்தார். இரண்டு நாளில் உடல் எரியூட்டப்பட்டு, அஸ்தி கிளெண்டேல் நகர இடுகாட்டில் வைக்கப்பட்டது. அடுத்த மாதமே வேறொருவரின் உடல் முதன்முதலாக உறைநிலையில் பாதுகாக்கப்பட்டது, மார்ச்சில் அந்தச் சவாரியும் திறந்தது. வதந்திக்கு இந்த நெருக்கம் போதுமானதாக இருந்திருக்கும். முதலில் சொன்னவர் இன்னார் என்று தெரியாமல் வாய்வழியாக வரும் இத்தகைய செய்தியை ஐதிகம் என்று தனி அளவையாகவே சிலர் ஏற்றனர். மணிமேகலையில் அதற்கு வரும் உதாரணம், இந்த மரத்தில் பேய் உண்டு என்று உலகம் சொல்வதை நம்புதல். நியாய சூத்திரம் ஐதிகத்துக்குத் தனியிடம் தராமல் சொல்லளவையில் அடக்கிவிட்டது: சொன்னவர் நம்பத்தக்கவர் என்றால் ஏற்கலாம், சொன்னவரே இல்லையென்றால் ஏற்க என்ன இருக்கிறது? விசித்திரம் என்னவென்றால், மேட்டர்ஹார்ன் என்னும் செயற்கை மலைக்குள் ஊழியர்கள் கூடைப்பந்து ஆட வளையம் இருந்தது என்பதும் இதே தொனியில் உலவிய பேச்சுதான்; அது உண்மை.

சில கேள்விகளைத் தப்பெண்ணக் கணக்கில் சேர்ப்பதே தவறு. மூன்று மணி ஊர்வலம் எத்தனை மணிக்கு என்று வருபவர்கள் கேட்பதாக ஒரு கதை டிஸ்னி ஊழியர் பயிற்சியில் அடிக்கடி சொல்லப்படும். ஊர்வலம் தாம் நிற்கும் இடத்தை எப்போது கடக்கும் என்பதே அவர்கள் கேட்பது. அசட்டுத்தனம் கேட்டவரிடம் இல்லை, சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டவரிடம் இருக்கிறது.

கடைசியாக, எல்லாம் தெரிந்த பின்னும் தீராத ஒன்று உள்ளது. பேய் மாளிகையின் விருந்து மண்டபத்தில் ஆடும் ஆவிகள், 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையேற்றிய உத்தியால் தோன்றுபவை: பெரிய கண்ணாடித் தகடுகள், பார்ப்பவர் கண்ணில் படாத இடத்தில் பொம்மைகள், அவற்றின் பிரதிபலிப்பு. இதைப் படித்துவிட்டுப் போகிறவருக்கும் ஆவி தெரியாமல் போவதில்லை. அத்வைதிகள் இதை எதிர்பார்த்தவர்கள். கானல் என்று அறிந்தவனுக்கும் கானல்நீர் தோன்றிக்கொண்டுதான் இருக்கும். அறிவு நீக்குவது அது நீர் என்ற முடிவை மட்டுமே என்பார்கள். இல்லாததென்றும் சொல்ல முடியாமல் உள்ளதென்றும் சொல்ல முடியாமல் அத்தோற்றத்தை அநிர்வசனீயம் என விட்டுவிடுவார்கள். அதே மாளிகையில், இறந்துபோன உறவினரின் அஸ்தியைச் சிலர் யாருக்கும் தெரியாமல் தூவிவிட்டுப் போவதாக 2018இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தி வெளியிட்டது. பூங்கா இதை அனுமதிப்பதில்லை. தூவியது தெரியவந்தால் ஊழியர்கள் நுண்துகளையும் உறிஞ்சும் இயந்திரம் கொண்டு அள்ளிவிடுகிறார்கள். தூவுபவர்கள் அங்கே ஆவி உண்டு என்று நம்பி வந்தவர்கள் அல்லர், கண்ணாடியும் பொம்மையும் அவர்களுக்குத் தெரியும். சாத்தனாரின் எட்டுக் குற்றங்களில் எதிலும் இவர்களைச் சேர்க்க இடமில்லை.