அசையாத உடலும் அலையும் மனமும்



உடலைப் பேணுவது வைத்தியரின் அலுவல், ஒழுக்கத்தைப் பேணுவது குருவானவரின் அலுவல் என்று நாம் பிரித்து வைத்துப் பழகிவிட்டோம். மணிக்கணக்காகக் கதிரையில் அமர்ந்து திரையைப் பார்ப்பது தவறா என்று பிள்ளை கேட்டால், "கண் பழுதாகும், நீரிழிவு வரும்" என்று மட்டுமே மறுமொழி கூறுகிறோம். அது பாதி மறுமொழி. இது ஓர் ஒழுக்கவியல் வினாவுமா என்பதே மறுபாதி.

முதலில் உடலின் சாட்சியத்தைக் கேட்போம். 1953ஆம் ஆண்டில் ஜெரி மொறிஸ் என்னும் ஆய்வாளரும் அவர்தம் தோழர்களும் இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ்களில் பணிபுரிந்தோரைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, படிகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டு வழங்கிய நடத்துனர்களிடையே இதய நோய் குறைவாகவே இருந்தது. தபால் பகுதியிலும், கடிதம் சுமந்து திரிந்தோருக்கும் மேசையருகே இருந்தோருக்கும் இடையில் இத்தகைய வேறுபாடே காணப்பட்டது. பின்னர் அவர்கள் சீருடை அளவுகளையும் ஆராய்ந்தபோது, சாரதிகள் இளவயதிலேயே பருத்த இடையினராய் இருந்தமை தெரியவந்தது. ஆகவே முழுப் பழியையும் ஆசனத்தின் மேல் சுமத்த இயலாது. எனினும், இயங்கும் உடல் இதயத்தைக் காக்கிறது என்ற அடிப்படை முடிவைப் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன.

காரணம் எளிது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை இதயம் நோக்கி மேலே தள்ளுகிறது. வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துக்கொள்கிறது. நெடுநேரம் அமர்ந்திருந்தால் இவ்விரண்டும் மந்தமாகின்றன. வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்களும், 5 முதல் 17 வயதுடையோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடங்களும் உடலை இயக்க வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் அறிவுறுத்தியது.

மனத்தின் நிலை என்ன? இரவில் நெடுநேரம் திரையோடு விழித்திருப்பவரின் நித்திரை குறைகிறது. நித்திரை குறைந்தால் எரிச்சலும் சோர்வும் வருகின்றன. ஆனால் துன்பப்படும் மனமும் ஆறுதல் தேடித் திரையை நாடுகிறது. எனவே வாடிய முகத்துடன் கைத்தொலைபேசியைப் பார்த்திருக்கும் பிள்ளையை ஏசுமுன், அதன் மனத்தை வருத்துவது யாதெனக் கேட்பது பெற்றோரின் கடமை.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்னும் துறவி, 'அக்கேதியா' எனும் ஒருவகை மனச்சோர்வை விபரித்துள்ளார். நண்பகலில் துறவிக்குப் பொழுது நகர மறுக்கிறது. யன்னலை அடிக்கடி பார்க்கிறார். தம் அறையும் வேலையும் கசக்கின்றன. உடல் ஓரிடத்தில் இருக்க, உள்ளம் எங்கோ அலைகிறது. அந்த யன்னலை இன்று நாம் சட்டைப்பையில் கொண்டு திரிகிறோம்!

அப்படியாயின் அமர்ந்திருப்பது பாவமா? பிழைப்புக்காகத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் சகோதரியிலோ, நோயாளரிலோ யார் குற்றம் காண்பர்? ரொறன்ரோவில் இருக்கும் பேரப்பிள்ளையின் முகத்தைத் திரையில் கண்டு மகிழும் அம்மம்மாவுக்கு அத்திரை ஒரு கொடையே. கருவி தீயதன்று.

பொறுப்பு என்பது அறிவையும் சுதந்திரத்தையும் பொறுத்தது. நூலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. இணையப் பக்கமோ, ஏசா ராஸ்கின் என்பவர் 2006இல் அமைத்த முறையினால், முடிவின்றி இறங்கிக்கொண்டே போகிறது. பெரியவர்களே தடுமாறும் இடத்தில், சிறு பிள்ளையை மட்டும் குற்றவாளியாக்குவது நீதியாகுமா? 2020இல் தொற்றுநோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடத்துக்கெனக் கைத்தொலைபேசியைக் கொடுத்தோம், அது தேவை. பாடசாலைகள் திறந்தன, கைத்தொலைபேசி பல வீடுகளில் திரும்பி வரவில்லை. குழந்தை உண்பதற்காக அதைக் காட்டும் பழக்கமும் வளர்ந்துவிட்டது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதினருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என 2019இல் அதே ஸ்தாபனம் கூறியிருந்தது.

இனி அந்த மறுபாதிக்கு வருவோம். என் உடல் என்னுடையது மட்டுமன்று. அது என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. குடும்பத் தலைவர் தம் உடலைப் பேணாது நோயில் வீழ்ந்தால், மனைவியும் பிள்ளைகளும் அச்சுமையைச் சுமக்கின்றனர். என் கவனமும் அவ்வாறே. ஒரே விறாந்தையில் நால்வர் நான்கு திரைகளுக்குள் இருக்கும்போது, ஒருவருக்கொருவர் கொடுக்கவேண்டிய ஒன்றைக் கொடாமல் வைத்திருக்கின்றனர். எனவே இது சுகாதாரப் பிரச்சினை மட்டுமன்று, நீதியின் பிரச்சினையும் ஆகும்.

ஆகவே அன்பர்களே, இவ்வாரமே தொடங்குவோம். உணவு வேளையில் எவர் கையிலும் தொலைபேசி வேண்டாம். இரவில் அது படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். கடைக்கும் கோயிலுக்கும், இயலுமானவர்கள், நடந்தே செல்லட்டும். மாலையில் பிள்ளைகள் முற்றத்திலே விளையாடட்டும். வெளியிலே வெளிச்சத்தில் திரியும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை ஏற்படுவது குறைவு என்பதும் ஆய்வுகள் கண்ட உண்மை. இக்கட்டளைகளைப் பிள்ளைக்கு இடுமுன், தந்தையும் தாயும் முதலில் கைக்கொள்வார்களாக. பிள்ளை நம் சொல்லைக் கேட்பதைவிட நம் செயலையே கூடுதலாகப் பார்க்கிறது.