புது மண் தரும் பார்வை

சாதி பார்க்காமல் எல்லோருக்கும் மந்திரம் சொன்னவராகப் போற்றப்படும் ராமாநுஜர் பிறந்த மண் ஸ்ரீபெரும்புதூர். பக்கத்தில் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, தமிழக அரசின் சிப்காட் நிறுவனத்தின் பெண் தொழிலாளர் குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். அங்கே சாதிக்கொரு தெரு கிடையாது. ‘யார் வீட்டுப் பொண்ணு?’ என்று விசாரிக்கும் திண்ணையும் கிடையாது. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கும் விழுப்புரத்துப் பெண்ணும் ஜார்க்கண்ட் பெண்ணும் ஒரே ஊறுகாய் பாட்டிலைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

சிங்கப்பூரில் குடியேறிய நம்மவர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. ஊரிலிருந்து சுமந்து வந்த வழக்கங்களில் எது உயிர், எது வெறும் பாரம் என்பது இடம் மாறினால்தான் புரிகிறது. பொங்கலைப் போற்றுவோம், பிறப்பை வைத்து ஆளை அளக்கும் பழக்கத்தை விட்டொழிப்போம். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, சம்பளத்தோடு இந்தப் பார்வையையும் வீட்டுக்குக் கொண்டுபோவோம்.