ஆகாயத்தில் நோன்பு திறப்பது எப்போது?



ரமளானில் உம்ராவுக்குப் புறப்படும் பாக்கியம் இன்று நம்மில் பலருக்குக் கிடைத்து வருகிறது. அச்சன்புதூரிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து திருவனந்தபுரம் சென்று விமானம் ஏறுகிறோம். அங்கிருந்து ஜித்தா நேர்கோட்டில் சுமார் 4,300 கிலோ மீட்டர். இடையில் இறங்காமல் பறந்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறையும்.

டிக்கெட்டில் மாலை 4.00 மணிக்குப் புறப்பாடு, இரவு 7.15க்கு வருகை என்றிருந்தால் மூன்றேகால் மணிப் பயணம் என எண்ணிவிடக் கூடாது. புறப்பாடு இந்திய நேரம்; வருகை ஸவூதி நேரம். இரண்டுக்கும் இரண்டரை மணி வித்தியாசம். ஆகவே உண்மைப் பயணம் ஐந்தே முக்கால் மணி நேரம்.

நோன்பாளி கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மாலை ஆறரைக்கு ஊரில் மஃரிப் பாங்கு ஒலித்து, வீட்டார் நோன்பு திறந்திருப்பார்கள். நம் கைக்கடிகாரமும் அதே மணியைக் காட்டும். ஜன்னலிலோ சூரியன் பளிச்சென்று நிற்கும். விமானம் மேற்கே சூரியனைத் தொடர்ந்து செல்வதால் பகல் நீள்கிறது. மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டவருக்கு இந்திய நேரம் எட்டரையை ஒட்டித்தான் சூரியன் மறையும். உயரத்தில் பறப்பதால் இன்னும் சற்றுத் தாமதமாகும்.

நோன்பை இரவு வரை பூர்த்தியாக்குமாறு அல்லாஹுத் தஆலா கட்டளையிடுகிறான் (2:187). கடிகார முள்ளை அவன் எல்லையாக்கவில்லை. சூரியன் கண்ணெதிரே இருக்க, ஊர் நேரத்தைக் கொண்டு பேரீச்சம்பழத்தை வாயிலிட்டால் அந்த நோன்பு முறிந்துவிடும். களாச் செய்வது கடமையாகும். நாள் முழுதும் பசித்திருந்து கடைசி இரண்டு மணி நேரத்தில் அதை இழக்கலாமா?

நம் ஊருக்கு இது புதிய பாடமல்ல. மேற்கே மலைத் தொடருக்குப் பின்னால் சூரியன் முன்னதாகவே ஒளிந்துகொள்கிறது. அதற்காக யாராவது நோன்பு திறக்கிறோமா? உண்மையான மறைவுக்காகக் காத்திருக்கிறோம் அல்லவா? மலையடிவாரத்தில் பேணியதை மேகத்துக்கு மேலேயும் பேண வேண்டும். திரும்பி வரும்போது கிழக்கு நோக்கிப் பறப்பதால் பகல் சுருங்கும். அப்போது சூரியன் மறைந்ததும் திறந்துவிடலாம். கடிகாரத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

மார்க்கம் நம்மை வருத்துவதற்கல்ல. பிரயாணி நோன்பை விட்டுப் பின்னர் நோற்க அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான் (2:185). ஸுப்ஹுக்கு முன்பே ஊர் எல்லையைக் கடந்தவருக்கு அன்றைய நோன்பை விட அனுமதியுண்டு. பிரயாணம் தொடங்குவது ஊர் எல்லையைக் கடக்கும்போது, விமானம் ஏறும்போதல்ல. நோன்பாளியாக ஸுப்ஹை ஊரில் அடைந்து பின்பு புறப்பட்டவர் அதைப் பூர்த்தி செய்ய வேண்டும். தாங்க முடியாத கஷ்டம் ஏற்பட்டால் விட்டுவிட்டுக் களாச் செய்துகொள்ளலாம்.

எனவே பயணத் தேதி முடிவானதுமே நேரத்தைக் கணக்கிடுங்கள். முதியோருக்கும் பெண்களுக்கும் விளக்கிச் சொல்லுங்கள். நம் நோன்புகளையும் பயணங்களையும் வல்ல நாயன் ஏற்றருள்வானாக! ஆமீன்.