பாடசாலைத் தலைவரும் பதற்றமும்



வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வருகின்றது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பெறுபேறு குறைகின்றது. ஒரே நாளில் இரண்டு ஆசிரியர் வாராதொழிகின்றனர். இவை எந்தப் பாடசாலைக்கும் உரியன. இவற்றை ஒழிக்க வழி சொல்ல யான் வந்தேனல்லேன். இவை வந்துற்றபோது தலைவராயினார்தம் நாவும் கையும் முகமும் பழக்கத்தினாலே செய்யுந் தீங்கைப் பற்றியே சொல்லப் புகுந்தேன். பிறர் குற்றத்தை எடுத்துப் பேசுதல் எளிது. ஆதலின் என் குற்றத்தையே முன்வைக்கின்றேன்.

யான் முதன்முதல் அதிபராயிருந்த பாடசாலையிலே, மேற்பார்வைக்கு அதிகாரிகள் வருவரென்று அறிவித்தல் வந்தது. அன்றுதொட்டு என் குரல் உயர்ந்தது. வகுப்பு வாயில்தோறும் நின்று பார்த்தேன். பிந்தி வந்தவர் பெயரின்கீழ்ச் சிவப்புக் கோடு கீறியதோடமையாது, மாணாக்கர் கேட்பவே கடிந்தேன். பிறர் எழுதவேண்டிய பதிவுகளை, அவர் பிழை விடுவரென்று அஞ்சி, இரவிலே யானே எழுதினேன். இதனைக் கடமையுணர்ச்சி என்றே அக்காலத்தில் எண்ணினேன்.

அது கார்த்திகை மாதம். ஒருநாட் காலை, பிள்ளைகள் யாவரும் மண்டபத்திலே பிரார்த்தனையில் நின்றவேளையில், இரண்டாந் தரத்து வகுப்பறையின் கைமரம் முறிந்து ஓடுகள் பிள்ளைகளின் வாங்குகள்மேற் சொரிந்தன. பத்து நிமிடம் கழிந்திருப்பின் அங்கே இருபத்துநான்கு குழந்தைகள் இருந்திருப்பர். இறைவன் காத்தான். கறையான் அரித்ததை முன்னரே கண்டவர் உண்டோ என்று வினாவினேன். அவ்வகுப்பாசிரியை தலைகுனிந்து, “கண்டேன் ஐயா. சொல்ல இரண்டு முறை உங்கள் அறை வாசல் மட்டும் வந்தேன். உள்ளே உங்கள் சத்தம் கேட்டது. திரும்பிப் போய்விட்டேன்” என்றார்.

அன்றிரவு யான் உறங்கவில்லை. கறையான் மரத்தை மாத்திரமே அரித்தது. அச்செய்தி என்னை வந்தடையும் வழியை அடைத்தவன் யானே.

திருக்குறளிலே வெகுளாமை துறவறவியலில், 31ஆம் அதிகாரமாக வைக்கப்பட்டது. அது துறவிகளுக்கே உரியது, நிருவாகஞ் செய்வார்க்குக் கண்டிப்பு வேண்டுமன்றோ எனச் சிலர் கூறுவர். அவர் பொருட்பாலையும் நோக்குவாராக. அரசன் பிறர் வெருவத்தக்கன செய்யாமை 57ஆம் அதிகாரம்; கண்ணோட்டம் 58ஆவது; நாட்டு நிகழ்ச்சிகளை அறிந்துகொள்ளும் ஒற்றாடல் 59ஆவது. இவ்வைப்புமுறைக்கு உரையாசிரியர் கூறுங் காரணம் யாதாயினும் ஆகுக. ஓடு விழுந்த நாள்முதல் எனக்கு அது ஒரு பொருளையே உணர்த்துகின்றது: பிறரை நடுங்கச் செய்பவனிடத்துச் செய்தி வாராது.

சினம் எங்கிருந்து வந்தது? அந்த ஆசிரியை எனக்கு யாதொரு தீங்கும் இழைத்தாரல்லர். யான் அதிகாரிகளுக்கு அஞ்சினேன். அவ்வச்சமே எனக்குக் கீழுள்ளார்மேற் சினமாய் இறங்கிற்று. அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் வோல்ற்றர் கனன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, அச்சமும் சினமும் உடம்பில் எழுப்பும் ஆயத்தம் பெரிதும் ஒன்றே எனக் காட்டினார். சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்திற் செலுத்த, நெஞ்சு விரைந்து அடிக்கும். இரத்தத்திற் சர்க்கரை மிகும். இரைப்பையின் தொழில் தளரும். ஓடுதற்கும் பொருதற்கும் ஏற்ற ஆயத்தம் அது. நேரசூசி திருத்துதற்கு அது வேண்டுவதன்று! 1936இலே அன்ஸ் செலியே என்பவர், குளிர், காயம், மிகையான உழைப்பு என வேறுவேறு துன்பங்களுக்கு ஆளான எலிகளில் ஒரேவகை மாற்றங்கள் தோன்றுதலைக் கண்டு வெளியிட்டார். இரைப்பையிற் புண் உண்டாதல் அவற்றுள் ஒன்று.

உடம்பின் செய்தி இது. உயிரின் செய்தியைச் சைவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ‘என் பாடசாலை’, ‘என் பெறுபேறு’, ‘என் பெயர்’ என்னும் எனதென்னுஞ் செருக்கே அவ்வச்சத்தின் வேர். பாடசாலை பிள்ளைகளுடையது என்று உண்மையாகவே எண்ணியிருந்தேனாயின், அதிகாரி வரவுக்கு அஞ்சுதல் குறைந்து, கூரைக்கு அஞ்சுதல் மிகுந்திருக்கும்.

பெரியபுராணத்து எறிபத்தநாயனார் சரித்திரத்தை நீங்கள் பலகாற் படிப்பித்திருப்பீர்கள். கருவூரிலே சிவகாமியாண்டாருடைய பூக்கூடையைப் பறித்துச் சிந்திய பட்டத்து யானையையும் அதனோடு சென்ற பாகர் முதலாயினாரையும் நாயனார் மழுவினால் வெட்டினார். செய்தி கேட்ட புகழ்ச்சோழர் சினங்கொண்டு சேனையோடு குதிரைமேல் விரைந்து வந்தார். பகைவரைக் காணவில்லை, அடியார் ஒருவரையே கண்டார். கண்டவுடன் சேனையை நிறுத்தினார், குதிரையினின்று இறங்கினார், பிழை யானையிடத்தே இருத்தல்வேண்டும் என்று எண்ணி, நிகழ்ந்தது யாது என்று பணிந்து வினாவினார். பின்பு தம் வாளையே நீட்டியமையை நாம் வியந்து பேசுகின்றோம். எனக்கோ, அவர் குதிரையினின்று இறங்கிய அந்தக் கணமே பெரிதாய்த் தோன்றுகின்றது. சினம் தணிந்தபின் இறங்குவேன் என்று அவர் காத்திருந்தாரல்லர்.

இறங்குதல் எங்ஙனம்? யான் கற்றது மிஷன் பாடசாலையிலே. அங்கே எங்கள் அதிபர் கோபம் வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைப்பார். அவர் துடைத்தது கண்ணாடியை அன்று என்பது நாற்பது ஆண்டுகளின் பின்னரே எனக்கு விளங்கிற்று. நல்லது எவரிடத்திருப்பினும் கொள்ளத்தக்கது. என் பதற்றத்துக்கு முன்னறிகுறி, பேனாவின் மூடியை மேசையில் தட்டுதல். அது கேட்டதும் எழுந்து கிணற்றடிக்குச் சென்று கால் கழுவி, ஐந்தெழுத்தை மனத்துள் எண்ணித் திரும்புகின்றேன். பரீட்சைக் காலத்தில் இரவு எட்டு மணிக்குமேல் பாடசாலைக் காகிதத்தைத் தொடுவதில்லை. பிறர் பதிவைப் பிறரே எழுதுகின்றனர். சிற்சில பிழைகள் வருகின்றன, வரட்டும்.

சிலவேளை அறிகுறியை யானே அறியேன். அதற்காகப் பிரதி அதிபரிடம் ஓர் உதவி கேட்டுள்ளேன். என் குரல் உயர்ந்தால் அவர் வந்து, “ஐயா, இப்போது மணி என்ன?” என்று வினாவுவார். சுவரிலே பெரிய மணிக்கூடு இருப்பதை யாவரும் அறிவர்.

சென்ற தவணை முடிவிலே ஓர் இளம் ஆசிரியை புள்ளிப் பட்டியலோடு என் அறைக்கு வந்தார். ஒரு வகுப்பு முழுவதற்கும் கூட்டுத்தொகை பிழைத்துவிட்டது. தேர்ச்சி அறிக்கைகள் பெற்றோர் கைக்குச் சென்றுவிட்டன. பேனா மூடி தட்டத் தொடங்கிற்று. வாயிலிலே பிரதி அதிபர் தோன்றினார். அவர் வாய் திறக்குமுன் யானே, “மணி பத்தே கால்” என்றேன். மூவரும் இருந்து அப்பட்டியலை மறுபடியும் கூட்டி முடிக்க மதியமாயிற்று.