அபயம் கேட்டு வருகிறவளிடம் முதல் கேள்வி

விபீஷணன் வந்து நின்றபோது சுக்ரீவன் என்ன சொன்னான் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயிலைச் சுற்றி வளர்ந்தவர்கள் ராமாயணத்தைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, உபந்யாசம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதே அதிகம். வந்தவன் எதிரியின் தம்பி, ராத்திரியில் சுற்றுகிற இனம், கூட நாலு பேர் வேறு, உளவு பார்க்க வந்திருப்பான், பிடித்துக் கொன்றுவிடுவோம் என்றான் சுக்ரீவன். அங்கதனுக்கும் சந்தேகம்தான், ஜாம்பவானுக்கும் சந்தேகம்தான். அனுமன் ஒருவன்தான் வந்தவனின் முகத்தையும் பேச்சையும் பார்த்து, இவனை ஏற்கலாம் என்றான். ராமன் எல்லோரையும் பேசவிட்டுக் கடைசியில் முடிவைச் சொன்னான். அபயம் என்று வந்தவன் ராவணனாகவே இருந்தாலும் கொடுத்தாயிற்று, அழைத்து வா.

வைணவர்களுக்கு இது சாதாரணக் கட்டமல்ல. வேதாந்த தேசிகர் இதற்கென்றே அபயப்ரதான ஸாரம் என்று ஒரு தனி நூல் எழுதினார். பெரிய நம்பி ராமானுஜருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் என்ற வைணவ தீட்சையைச் செய்து வைத்தது எங்கள் ஊர் மகிழ மரத்தடியில் என்பதால், சரணாகதி என்ற சொல் எங்களுக்கு வீட்டுச் சொல் மாதிரி. அடைக்கலம் கேட்டு வருகிறவரை ஏற்பது எப்படி, ஏற்றபின் யாருக்கு என்ன பொறுப்பு என்று எட்டு நூற்றாண்டாக நுணுக்கி நுணுக்கி விவாதித்த மரபு இது. அந்த விவாதம் எங்கள் மாவட்டத்து நெடுஞ்சாலையில் நடந்த ஒரு காரியத்துக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்பதுதான் என் கேள்வி.

2021 பிப்ரவரி 21. அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் சுற்றுப்பயணத்துக்குப் போலீஸ் பந்தோபஸ்து. சட்டம் ஒழுங்குக்குச் சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்தவர் ராஜேஷ் தாஸ். பாதுகாப்புப் பணியில் இருந்த தன்னை அவர் தம் காரில் ஏறச் சொல்லி, ஓடுகிற காருக்குள் அத்துமீறி நடந்துகொண்டார் என்றார் ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி. அவரும் எஸ்.பி. பதவியில் இருந்தவர்தான். மறுநாள் தலைமையிடம் புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பினார். திண்டிவனம் தாண்டி, எங்கள் ஏரியின் ஓரமாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலை அது. பரனூர் சுங்கச்சாவடியில் அவருடைய காரைப் போலீசாரே மறித்தார்கள். மறித்தது அன்றைய செங்கல்பட்டு எஸ்.பி. டி. கண்ணன் தலைமையில். கார்ச் சாவி பிடுங்கப்பட்டது, சிறப்பு டி.ஜி.பி.யிடம் போனில் பேசும்படி வற்புறுத்தினார்கள் என்பது புகார்.

நான் பரனூரை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். மறைவான இடமே இல்லை. லாரி, ஆம்னி பஸ், கார் என்று வரிசை கட்டி நிற்கிற வெட்ட வெளி. கட்டணம் வாங்குகிற பையன் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில், ஒரு மாவட்ட எஸ்.பி. இன்னொரு எஸ்.பி.யின் வண்டியை நிறுத்துகிறார் என்றால், அதைச் செய்யலாம் என்ற தைரியம் எங்கிருந்து வருகிறது? அந்த இலாகாவில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்ற நம்பிக்கையிலிருந்துதான் வருகிறது.

காஞ்சிபுரம் பக்கத்தில் திருப்புட்குழி இருக்கிறது. ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று கொண்டாடுகிற திவ்யதேசம். ஜடாயுவும் வழிமறித்தவன்தான். ராவணன் சீதையைத் தூக்கிக்கொண்டு போன தேரை, தான் கிழம், ஜெயிக்க முடியாது என்று தெரிந்தே மறித்தான். மறித்ததற்காகச் செத்தான், அதற்காகத்தான் மகன் செய்ய வேண்டிய கடனைப் பெருமாளே செய்தார். நம் மண்ணில் வழிமறித்தல் என்ற செயலுக்கு இப்படி ஓர் உச்சம் இருக்கிறது. பரனூரில் அது தலைகீழாக நடந்தது. பலசாலியின் தேர் தடையில்லாமல் போயிற்று. நியாயம் கேட்டுப் போனவளின் வண்டி நின்றது.

மேலதிகாரி சொன்னால் கீழே இருப்பவர் என்ன செய்வார், பாவம் என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். செஞ்சோற்றுக் கடன் என்கிறார்கள். கும்பகர்ணனைக் காட்டுகிறார்கள். அவன் அண்ணனுக்காகச் செத்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னால், நிறைந்த சபையில், அண்ணன் முகத்துக்கு நேரே நீ செய்தது தவறு என்று சொன்னான். நம் ஆபீஸ்களில் செஞ்சோற்றுக் கடன் தீர்க்கிறவர்கள் அந்த முதல் பாதியைச் செய்வதே இல்லை. அதோடு சோறு யார் போட்டது? டி.ஜி.பி.யா போட்டார்? எங்கள் ஊரில் நெல் அறுத்து, டீக்கடை வைத்து, வரி கட்டுகிறவர்கள் போட்ட சோறு. கடன் என்று ஒன்று இருந்தால் அது அவர்களுக்குப் பட்ட கடன்.

அந்த அதிகாரி எப்படியோ சென்னை போய்ச் சேர்ந்தார். புகார் கொடுத்தார். கூடுதல் தலைமைச் செயலாளர் ஜெயஸ்ரீ ரகுநந்தன் தலைமையில், எல்லோரும் விசாகா கமிட்டி என்று சொல்கிற குழு அமைந்தது. சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமாகவே முன்வந்து வழக்கை எடுத்து விசாரணையைக் கண்காணித்தார். எஸ்.பி. அந்தஸ்தில் இருக்கிறவருக்கே இந்த நிலை என்றால் கீழே இருக்கிற பெண் காவலர்கள் கதி என்ன என்று அவர் கேட்டது நினைவிருக்கிறது. ஆனால் ராஜேஷ் தாஸின் பணியிடை நீக்கம் வந்தது மார்ச் மாதத்தில், தேர்தல் ஆணையம் தலையிட்ட பிறகு. வேலை கொடுத்த அரசு தானாக அதைச் செய்யவில்லை. நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டு சிறைத்தண்டனையும் 20,500 ரூபாய் அபராதமும் விதித்தது. கண்ணனுக்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்ட நீதிமன்றம் ராஜேஷ் தாஸின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் சிறை செல்வதற்கு இடைக்காலத் தடை கொடுத்தது. சட்டத்தில் அவருக்கு உள்ள வழிகளை அவர் பயன்படுத்துவதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. என் மனசில் தங்கியது அந்த 500 ரூபாய்தான்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டால், நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பிறகு மகளிர் சுய உதவிக் குழுக்களோடு வேலை செய்தேன். அந்தப் பழக்கத்தில் இந்தச் சாலையோரத் தொழிற்சாலை ஒன்றில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கிற உள்ளகப் புகார் குழுவில் வெளி உறுப்பினராக உட்காருகிறேன். பத்துப் பேர் வேலை செய்கிற எந்த இடத்திலும் அந்தக் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். எங்கள் பக்கத்துப் பெண்கள் விடியுமுன்னே கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு குழு இருப்பது தெரியாது.

ஒருநாள் ஒரு பெண் வந்தாள். அவள் யார், எந்தப் பிரிவு என்பதைச் சொல்ல மாட்டேன், சட்டமும் விடாது. டிபன் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த அறைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியே லைனில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் அவள் முகம் தெரிந்தது. திரையை இழுக்கச் சொன்னேன். நிர்வாகத் தரப்பு உறுப்பினர் முதல் கேள்வி கேட்டார்.

"இத்தனை நாள் ஏம்மா சொல்லல?"

நான் குறுக்கே விழுந்தேன். "அதை அப்புறம் கேக்கலாம் சார். நாளைக்கு எந்த ஷிப்ட்டு, அந்த ஆள் அங்க இருப்பாரான்னு முதல்ல கேளுங்க."

அவள் தலை நிமிர்ந்தது அப்போதுதான். "அவர்தான் மேடம் எங்களுக்கு ஓ.டி. போடறவரு. லீவு லெட்டர்லயும் அவர் கையெழுத்துதான்."

நாங்கள் அவளுக்குத் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. அபயம் வேறு, தீர்ப்பு வேறு. விபீஷணனை ஏற்ற அன்று அவன் சொன்னதெல்லாம் நிஜம் என்று ராமன் சான்றிதழ் தரவில்லை. வந்தவன் உயிருக்கு இனி நான் பொறுப்பு என்று மட்டும் சொன்னான். குற்றம்சாட்டப்பட்ட மனிதருக்கும் புகாரின் நகல் போக வேண்டும், பதில் சொல்ல அவகாசம் வேண்டும், சாட்சிகளை அவரும் கொண்டுவரலாம். இதையெல்லாம் காப்பாற்றிக்கொண்டே, வந்தவளை இன்றிலிருந்து காப்பது முடியும். முடியாது என்கிறவர்கள் சுக்ரீவனோடு நின்றுவிட்டவர்கள்.

சரணாகதியில் குரங்குக் குட்டி வழி, பூனைக் குட்டி வழி என்று எங்கள் பெரியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தது எல்லோருக்கும் தெரியும். குட்டி தாயை இறுகப் பற்ற வேண்டும் என்பது வடகலை, தாயே கவ்விக்கொண்டு போவாள் என்பது தென்கலை. எங்கள் வீட்டிலேயே இந்த வாதம் ஓயாது. சட்டம் யார் கட்சி என்று பார்த்தால், பற்று, பற்று, இன்னும் இறுகப் பற்று என்கிறது. மூன்று மாதத்துக்குள் புகார், ஆறு பிரதிகள், சாட்சிகளின் பெயர், விலாசம். ராத்திரி ஷிப்ட் முடிந்து ஊருக்குப் போகிற பெண் ஆறு ஜெராக்ஸ் எங்கே எடுப்பாள்? அந்தக் கடைக்காரன் படிக்க மாட்டானா? ஆனால் வடகலைக்காரர்களும் ஒன்றைச் சொல்லத் தவறியதில்லை. பாரத்தை ஒப்படைத்த பிறகு சுமப்பது ஏற்றவர் வேலை. ஒப்படைத்தவர் மறுபடி அதைத் தூக்கத் தேவையில்லை. கொடுத்தபின்னும் அவள் தலையிலேயே சுமக்க விடுகிற முதலாளி இரண்டு கலையிலும் சேராதவர்.

சட்டத்தின் வேரும் இதைத்தான் சொல்கிறது. ராஜஸ்தானில் பட்டேரி கிராமத்துப் பன்வாரி தேவி, அரசின் மகளிர் திட்டத்தில் வேலை பார்த்தவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அவர் போனது வேலைக்காக. அந்த வேலை கொடுத்தவருக்கு என்ன பொறுப்பு என்ற கேள்வியிலிருந்துதான் 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு பிறந்தது. பெண்ணைக் காப்பது வேலை கொடுப்பவர் கடமை என்று அது பாரத்தை மாற்றி வைத்தது. பன்வாரி தேவி வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்களை 1995இலேயே கீழ் நீதிமன்றம் விடுதலை செய்திருந்தது. நாட்டுக்கே ஒரு சட்டத்தைக் கொடுத்தவளுக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை என்பதை என்னால் சும்மா எழுதிவிட்டுப் போக முடியவில்லை.

இனி எனக்குத் தீராத இடத்துக்கு வருகிறேன். எதிரி வீட்டிலிருந்து வந்த விபீஷணனிடம் சாட்சி கேட்காத ராமன், அதே யுத்தம் முடிந்ததும், சொந்த மனைவியை நெருப்பில் இறங்க வைத்தான். ஊருக்குக் காட்டத்தான், அவனுக்குச் சந்தேகமே இல்லை என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். சின்ன வயதிலேயே எனக்கு அது இறங்கவில்லை, இப்போதும் இறங்கவில்லை. பக்தி உள்ளவள் என்பதால்தான் இறங்கவில்லை. அந்நியனுக்குக் கொடுத்த அபயம் வீட்டுக்காரிக்கு ஏன் இல்லை?

பரனூரில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். வெளியாள் ஒருவர் மேல் அந்தப் பெண் எஸ்.பி. புகார் சொல்லியிருந்தால் மொத்தப் போலீசும் அவருக்குப் பின்னால் நின்றிருக்கும். சொந்த வீட்டுக்குள் சொன்னதால் சாவி பறிபோயிற்று. கோயில், மடம், கல்லூரி, கட்சி, கம்பெனி எல்லாமே குடும்பம் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும்போது எனக்குப் பயமாக இருப்பது இதனால்தான். குடும்பம் என்றால் மானம் என்ற பேச்சு வரும். மானம் என்றால் அக்னி அவளுக்குத்தான்.

எங்கள் ஊர் மூலவர் சீதையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இலங்கையிலிருந்து திரும்புகிற வழியில் விபண்டக மகரிஷிக்குக் காட்டிய கல்யாணக் கோலம் என்பது தலபுராணம். அப்படியானால் நெருப்புக்குப் பிறகு பிடித்த கை. நெருப்பை அது இல்லாமல் ஆக்குவதில்லை. ஊர் என்ன சொல்லும் என்று பார்த்தவன், ஊர் பார்க்கவே கையைப் பிடித்தான் என்ற அளவில்தான் என்னால் ஏற்க முடிகிறது. ஏரி உடையப் போகிற ராத்திரியில் வில்லோடு கரை காத்தது இந்த ராமன்தான் என்றும், அதைக் கண்ட கலெக்டர் லயனல் பிளேஸ் துரை தாயார் சன்னதி கட்டிக்கொடுத்தார் என்றும் சொல்வார்கள். ஜனகவல்லித் தாயார் சன்னதியில் அவர் பெயர் கல்லில் இருக்கிறது. காவல் காத்ததற்கு நன்றியாக எழும்பியது தாயாருக்கு ஓர் இடம் என்பது எனக்குப் பிடித்த சேதி.

அந்தப் பெண்ணின் புகாரைத் தொண்ணூறு நாளுக்குள் விசாரித்து அறிக்கை கொடுத்தோம். நிர்வாகம் நடவடிக்கையும் எடுத்தது. அதற்குள் அவள் வேலையை விட்டிருந்தாள். விசாரணை நடந்த காலத்தில் அவளைத்தான் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். நான் கத்திப் பார்த்தேன். "அவர் போனா ஆர்டர் போயிடும் மேடம்" என்றார்கள். அவளை மாற்றவும் சட்டத்தில் இடம் இருக்கிறது, அவரை மாற்றவும் இடம் இருக்கிறது. யாரை மாற்றுகிறார்கள் என்பதில் முதலாளி யார் பக்கம் என்பது தெரிந்துவிடுகிறது.

குழுவின் மூன்றாண்டுக் காலம் முடிகிறது. தொடரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை எழுதி அனுப்பினேன். மேலதிகாரி மேல் புகார் வந்தால், அன்றிலிருந்து விசாரணை முடியும் வரை, அந்தப் பெண்ணின் லீவு, ஓ.டி., வேலை மதிப்பீடு எதிலும் அவர் கையெழுத்து இருக்கக் கூடாது. குழு பரிந்துரைத்தால் அப்படிச் செய்ய விதியில் ஏற்கெனவே வழி உண்டு. ஒவ்வொரு தடவையும் நாங்கள் கெஞ்சாமல், தானாக அது நடக்கும் என்று நிர்வாக இயக்குநர் எழுத்தில் தர வேண்டும். பதில் இன்னும் வரவில்லை. வந்தால்தான் போவேன்.